கால் நீட்ட இடம்

சிரிக்க வைக்கிறேன் ஐயா. வயிறு வலிக்கிற மாதிரி சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. நான் சொல்கிற இடத்தில்தான் சிரிக்கணும். அதற்கு முன்னால் சிரித்துவிட்டால் கதை நமத்துப்போகும்.

வாழைத்தாரைக் கொஞ்சம் இப்படிச் சாய்த்துக்கொள்ளுங்க. மேலே கம்பியில் இடமில்லை, கீழே வைத்தால் மிதித்துக் கூழாக்கிவிடுவார்கள். மடியிலேயே இருக்கட்டும். பூவன்தானே? நல்ல தார். காம்பில் பச்சைச் சேலைக் கிழிசலைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்களே, கையில் பால் ஒட்டக் கூடாதென்று! பாசமான வீடு போல.

எங்கே விட்டோம்? என் கால். நீங்க வந்து உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது என் காலைத்தான். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நீங்க ஜோசியர். சும்மா திரும்புவீங்களா? பலனே சொல்லிட்டீங்க. "அதாகப்பட்டது தம்பி, இது கிரகண தோஷம். நீ வயித்துல இருக்கறப்ப உங்கம்மா எதையோ நறுக்கியிருக்கா. தெரியுதா?"

தெரியுதுங்க. நன்றாகத் தெரியுது. என் அத்தையும் இதையேதான் சொல்லும். பூசணிக்காய் என்று சொல்லும்.

கோபமா? எனக்கா? சேச்சே. கோபம் இருந்தால் உங்களுக்குக் கதை சொல்வேனா?

நான் பன்னிரண்டாவது படிக்கிறேன். படிப்பு சுமார்தான். ஆனால் ஒருத்தர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், அவர் குரல் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கைப் பிடித்து மதியமே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார்கள். அடி வாங்கினேன், அது வேறு. நம்ப மாட்டீங்களா? வண்டி நிற்குது பாருங்க. கண்டக்டர் கீழே டீ குடிக்கிறார். இப்போது பாருங்க.

"ஏய்ய்... போலாம் ரைட்!"

எப்படி? நகர்ந்துவிட்டதா? அதோ, டீ கிளாஸோடு ஓடி வருகிறார். என் பக்கம் பார்க்காதீங்க ஐயா, தாரைப் பாருங்க. தாரைப் பாருங்க.

உங்க குரலா? வரும் வரும். எல்லார் குரலும் வரும். நீங்க பேசிக்கொண்டே இருங்க, நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்களும் இப்போது ஒரு விஷயம் சொன்னீங்களே, அந்தத் தார் வந்த கதை. "போன்ல ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு உசுரே தப்பிச்சுது" என்று. என்ன வார்த்தை என்று கேட்டால் தேவ ரகசியம் என்கிறீங்க. சரி, உங்க ரகசியம் உங்களோடு. என் கதையில் ரகசியம் இல்லை. ஆனால் பேர் சொல்ல மாட்டேன், ஊர் சொல்ல மாட்டேன். குடும்ப விஷயம் பாருங்க.

அத்தை என்றால் என் அப்பாவுடைய அக்கா. அத்தை ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் குடும்பத்தில் சாமியே வந்தாலும் ஓரமாக நிற்கணும். அத்தைக்கு ஒரே மகள். எனக்கு அத்தாச்சி முறை. கல்யாணமாகி, மாப்பிள்ளை சிங்கப்பூர் போய், அத்தாச்சி மாசமாகித் தாய்வீட்டில் இருந்தது. நான் லீவு விட்டால் அங்கேதான் போய்க் கிடப்பேன். ஏனென்றால் அத்தாச்சி மாதிரி சிரிக்கிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நான் அத்தை குரலில் மாட்டைத் திட்டுவேன். "ஏண்டி, நான் கஷ்டப்பட்டு வைக்கல் போடறேன், நீ என்னடான்னா சம்பந்தியாட்டம் மூஞ்சியத் திருப்பற!" அத்தாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஐயா, உங்களை இன்னும் சிரிக்கச் சொல்லவில்லை.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அத்தாச்சி சட்டென்று கையைக் காட்டி நிறுத்தியது. "போதும்டா. சிரிக்க வைக்காத. சிரிச்சா நனையுது."

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சேலை நனைகிற அளவுக்குச் சிரிக்க வைத்திருக்கிறேன்! ஊரெல்லாம் சொல்லணும் போல இருந்தது. மறுநாள் போனேன். அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, தொண்டை கட்டியிருந்தது. அத்தாச்சி சும்மா உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தது. எழுந்தபோது பின்னால் சேலை ஈரம். பிளாஸ்டிக் நாற்காலியில் தண்ணீர்.

"என்ன அத்தாச்சி?"

"ஒண்ணுமில்லடா. புள்ள அழுத்துதாம். எல்லாருக்கும் இருக்கறதுதான்னு அம்மா சொல்லுச்சு."

வயிறு வேறு சின்னதாக இருந்தது. ஏழாம் மாதம் என்று சொன்னால்தான் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும், வயிறு ஒடுக்கமா இருக்கு, ஆம்பளப் புள்ளதான் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அத்தாச்சி குரலிலேயே. அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தது. கரண்டி அப்படியே நின்றுபோனது. கடுகு கருகி நெடி ஏறியது. அம்மா சொன்னது: "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆறாம் மாசத்துலேருந்து. ஒண்ணுக்குன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு. உங்கத்தகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அத்தை என்ன சொல்லிச்சு?"

"வளகாப்பு முடியட்டும்னுச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றது. ரசத்துக்கு எந்த ஊரில் ஐயா வெங்காயம் அரிகிறார்கள்? எங்கள் அம்மாவுக்குப் பொய்யே வராது. ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷியைப் பதினேழு வருஷமாகப் பூசணிக்காய் நறுக்கியவள் என்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். உங்க வலது கால் இப்போது எங்கே இருக்கு? தாரை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியில் முட்டி இடிக்க, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கீங்க. நீட்டுங்க பார்ப்போம். முடியலை இல்லையா? இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாக்கு மூட்டை. இறங்கும்போது கால் மரத்துப்போய் நொண்டுவீங்க. கொஞ்ச நேரத்துக்கே இப்படி. நான் மாசக்கணக்காக இந்த மாதிரி சீட்டில் உட்கார்ந்து வந்தவன் ஐயா. எலும்பு பச்சைக் குருத்தாக இருக்கிற வயசில்.

இதை எனக்குச் சொன்னது கால் டாக்டரம்மா. சின்னதில் எனக்கு மாவுக்கட்டுப் போட்டுப் போட்டுக் காலைத் திருப்பினார்கள். வாராவாரம் பழசைப் பிரித்துப் புதுசு போடணும். அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை என்று அத்தைதான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுமாம். கட்டுப் போட்ட பிள்ளை கல்லாகக் கனக்குமாம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கடையில் ரவா தோசை நன்றாக இருக்கும், அதற்காகத்தான் அத்தை போயிருக்கும். எனக்குத் தெரியாதா அத்தையை? கட்டுப் போட்டதில் பாதி திரும்பியது. மீதி நீங்க பார்க்கிறது.

பத்தாவது படிக்கும்போது அந்த டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், கிரகணத்தாலா என்று. அவர் பேசுவது தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி இருக்கும், கேளுங்க: "எந்தக் கிரகணம்? யார் சொன்னா? தண்ணிப்பா, தண்ணி. பனிக்குட நீர். குழந்தை அதுல மிதக்கணும், உதைக்கணும், புரளணும். உதைச்சு உதைச்சுத்தான் மூட்டு இளகும். தண்ணி வடிஞ்சிடுச்சுன்னா கர்ப்பப்பைச் சுவரு ஒட்டிப் பிடிச்சு அமுக்கும். மடங்கின கால் மடங்கினபடியே வளரும். எல்லாருக்கும் இதே காரணம்னு இல்ல. உன் விஷயத்துல இதுதான்னு தோணுது. இதுல நுரையீரலும் வளராமப் போகலாம். நீ பேசற பேச்சப் பாத்தா அதுக்கு ஒண்ணும் ஆகல. போய்ட்டு வா."

அவ்வளவுதான் ஐயா. பாவமும் இல்லை, தோஷமும் இல்லை. இடம் பத்தவில்லை. அவ்வளவுதான்.

நான் அதோடு விட்டேனா? அம்மா என்னைச் சுமந்த மாதங்களில் நம் ஊர் வானத்தில் கிரகணம் ஏதாவது தெரிந்ததா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அத்தையிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அதுக்கு முந்துன மாசமா இருக்கும்." அப்போது நான் வயிற்றிலேயே இல்லை அத்தை. "அப்ப அமாவாசையா இருக்கும், போடா." கிரகணம் என்ன டவுன் பஸ்ஸா, அத்தை கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்க?

சரி, அத்தாச்சிக்கு வருவோம். மறுபடியும் அதே வீடு, அதே ஈரம், அதே அத்தை. நான் ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன் ஐயா, அப்படிப் பார்க்காதீங்க. இந்தக் காலோடு நான் ஓடுகிற பஸ்ஸில் ஏறுவேன். அத்தையிடம் என் சொந்தக் குரலில் சொன்னேன்: "அத்தை, அத்தாச்சிக்குப் பனிக்குடத் தண்ணி கசியுது. இன்னைக்கே ஸ்கேன் பண்ணணும்."

அத்தை சிரித்தது. "இது யாரு குரலுடா?"

பாருங்க என் விதியை. போன மாதம்தான் கரண்டு ஆபீஸ்காரர் குரலில் போன் செய்து, வீட்டில் இருக்கிற பல்பையெல்லாம் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட வைத்திருந்தேன். என் சொந்தக் குரலை என் சொந்த அத்தை நம்பவில்லை. நான் அழாத குறை. "போடா கிறுக்கா. பந்தக்கால் நட்டாச்சு, சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாச்சு. எங்க வீட்டுல வளை அடுக்காம புள்ளத்தாச்சி வாசப்படி தாண்ட மாட்டா. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா சம்பந்தி என்ன நெனப்பாங்க, பொண்ணு சீக்காளின்னுதான?"

அத்தாச்சியிடமே போனேன். நீயாவது கிளம்பு என்றேன். "அம்மா சொல்லாம எப்படிடா?" வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டது. "முன்ன மாதிரி உதைக்கலடா. தூங்குது போல."

அதைக் கேட்டபிறகு எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. தூங்கவில்லை ஐயா, கால் நீட்ட இடமில்லை. எனக்குத் தெரியாதா?

நர்ஸ் குரலில் போன் செய்தேன். "வேதனை ஏதும் இருக்காம்மா, உடனே கூட்டிட்டு வாங்கம்மா" என்று மூக்கால் பேசினேன். அத்தை ரொம்ப மரியாதையாக, "வளகாப்பு முடியட்டும் சிஸ்டர், மறுநாளே வந்து நிக்கறோம்" என்றது. அம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. நர்ஸும் தோற்றுப்போனார்.

அதற்குப் பிறகு இன்னொரு போன் செய்தேன். எந்தக் குரலில் என்று கேட்காதீங்க. அங்கேதான் சிரிப்பு இருக்கு. அதைக் கடைசிக்கு வைத்திருக்கேன். முதலில் என்ன நடந்தது என்று கேளுங்க.

அந்தப் போனை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நான் சைக்கிளில் போய்ச் சேருகிறதுக்குள் வாசலில் கார் நின்றது! அத்தை பெட்டியைக் கட்டிவிட்டது. வளை அடுக்காத பிள்ளைத்தாச்சி வாசப்படி தாண்டினாள். முகம் வெளுத்துப்போய் அத்தையின் வாய் ஏதோ முணுமுணுத்தது.

ஸ்கேனில் பார்த்த டாக்டர் அத்தையைத் திட்டிய திட்டு, வேண்டாம், அதை அந்தக் குரலில் சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார். தண்ணீர் பாதிகூட இல்லையாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிருமி ஏறித் தாய்க்கே ஆபத்தாகியிருக்குமாம். படுக்க வைத்துவிட்டார்கள். ஊசி, மருந்து, தினம் குழந்தையின் துடிப்பைப் பார்ப்பது. வளைகாப்பு நாளும் வார்டிலேயே வந்தது. கண்ணாடி வளையெல்லாம் போடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அத்தை ஒரு வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாக்கி, யாருக்கும் தெரியாமல் அத்தாச்சி கையில் மாட்டிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதது. சம்பந்திக்காக அழுதிருக்கும்.

அப்புறம் குறைமாதத்திலேயே அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆம்பளப் புள்ள என்று காப்பி குடித்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. என் இரண்டு கையில் ஏந்தினால் அடங்கிவிடும், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இடது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தது. டாக்டர் ஒரு விரலால் அதை மெல்லத் தள்ளினார். நேராக வந்தது. "இது இளக்கமாத்தான் இருக்கு. தினம் நீவி விடுங்க, சரியாயிடும்" என்றார். இப்போது சரியாகிவிட்டது. என் சட்டையை உதைத்துக் கிழிக்கிறாள்.

அன்றைக்கு அந்த வராந்தாவில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் செய்த மாதிரியே விரலால் தள்ளிப் பார்த்தது. முற்றிப்போன காலை, எதற்கு? நான் இழுத்துக்கொண்டேன். எனக்கு யார் இரக்கமும் வேண்டாம். என் கால் எனக்கு நன்றாகவே இருக்கு. குறை என் காலில் இல்லை ஐயா, என் காலுக்குச் சொல்கிற கதையில் இருக்கு.

சரி, இனியாவது அந்தக் கதை மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. பேர் வைக்கிற அன்றைக்கு நாலு பேர் நடுவில் அத்தை சொன்னது: "அந்தப் போனு வரலன்னா என் பேத்தி இல்ல. நம்ம எழிலு பொறக்கறப்ப அப்படி ஒரு போனு வரல. அவம்மா கிரகணத்துல பூசணிய நறுக்கித் தொலச்சா." எழிலு நான்தான். அம்மா பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தது. வாளியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டது.

என்ன சொன்னாலும் அத்தை நம்புகிறது ஒரே ஒரு குரலைத்தான்.

எந்தக் குரல் என்றா கேட்கிறீங்க? அவசரப்படுறீங்களே. சரி, சொல்கிறேன். இடம் வந்துவிட்டது. சித்திரை ஒன்றாம் தேதி கோயில் ஒலிபெருக்கியில் வருஷா வருஷம் பஞ்சாங்கம் படிக்கிற குரல் அது. நாலு ஊருக்குக் கேட்கும். சின்னதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அத்துப்படி. ஆரம்பிக்கும்போது மூன்று இருமல். அப்புறம் தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல். புது நம்பராக இருக்கிறதே என்று அத்தை கேட்டது. போனில் சார்ஜ் இல்லை, பக்கத்து வீட்டுப் போன் என்றேன்.

காம்பில் சுற்றியிருக்கிற பச்சைச் சேலை எங்கள் வேதவல்லி அத்தையுடையது ஐயா. தீபாவளிக்குக் கட்டியது. எங்கள் மாமாதானே தாரைக் கொண்டுவந்து கொடுத்தார்? "நீங்க போன்ல சொன்ன மாதிரியே எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றிருப்பார். நீங்க என்ன போன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆமா ஆமா" என்று வாங்கி வைத்துக்கொண்டீங்க.

நீங்க போனில் என்ன சொன்னீங்க என்று நான் சொல்லட்டுமா? அந்தத் தேவ ரகசியத்தை?

"க்கும். க்கும். க்கும். அதாகப்பட்டது வேதவல்லி, இன்னைக்கு அஸ்தமனத்துக்குள்ள ஓம் பொண்ணு வடக்குப் பாத்த பெரிய கட்டடத்துல, வெள்ளக் கோட்டுப் போட்டவங்க கையால வயித்துத் தண்ணியப் பாத்தாகணும். பாக்காம வளை அடுக்குனா அடுக்குன வளை நிக்காது. தெரியுதா?"

என்ன ஐயா? முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பி உங்களைத்தான் பார்க்கிறார், நீங்க பேசினதாக நினைத்துக்கொண்டு.

வேண்டாம், தாரை என் மடியில் வைக்காதீங்க. ஐயா, கனமாக இருக்கு. சரி, வையுங்க. உங்க காலாவது நீளட்டும்.

போன் அடிக்குதே என்று பார்க்காதீங்க. என் போன்தான். நான்தான் போட்டேன். அத்தைக்கு ரிங் போகுது. எங்கள் அம்மா எதையும் நறுக்கவில்லை என்று உங்க குரலில் நானே சொல்லிவிடலாம், அத்தை நம்பிவிடும். ஆனால் எங்கள் அம்மாவுக்குப் போலிக் குரல் வேண்டாம் ஐயா. அதனால்தான் கதையை உங்களிடம் கொண்டுவந்தேன்.

எடுத்துவிட்டது. இந்தாங்க, பிடிங்க.

முதலில் சிரிக்கணுமா? சிரிச்சுக்குங்க. இதுதான் அந்த இடம்.